எர்த் துளை மேலேயா, கீழேயா?

கேள்வி: முத்தியால்பேட்டையில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. கூடத்திலும் படுக்கையறைகளிலும் மூன்று துளை சாக்கெட்டின் பெரிய துளை மேலே இருக்கும்படி பொருத்திய எலக்ட்ரீசியன், சமையல் மேடைக்கு மேலுள்ள இரண்டு போர்டுகளை மட்டும் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார். கேட்டதற்கு, "எப்படி வைத்தாலும் கரண்ட் வரும்மா, ஆர்.ஓ. மெஷினும் சிம்னியும் மேலே இருப்பதால் வயர் மேலே போக இதுதான் வசதி" என்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியோ படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே எல்லா வீட்டிலும் எர்த் கீழேதான் இருக்கும், ஆகவே சமையலறையில் இருப்பதுதான் சரி என்கிறான். இதற்கிடையில், பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த காபி மெஷினை, எர்த் துளையில் பென்சிலை விட்டு அழுத்திக்கொண்டுதான் சொருக முடிகிறது. டைல்ஸ் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. போர்டுகளை உடைத்துத் திருப்பச் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வணக்கம். நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மூன்று பின் சாக்கெட்டை, எதிரே நின்று பார்க்கும்போது பெரிய துளையான எர்த் மேலேயும், கரண்ட் வரும் ஃபேஸ் நமக்கு வலப்பக்கமும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இடப்பக்கமும் வரும்படி பொருத்துவதே முறை. கூடத்தில் இருப்பது சரி; சமையலறையில் இருப்பதைத் திருப்பச் சொல்லுங்கள். டைல்ஸை உடைக்க வேண்டியிராது. காபி மெஷினை மட்டும் இன்றே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"எப்படி வைத்தாலும் கரண்ட் வரும்" என்று உங்கள் எலக்ட்ரீசியன் சொன்னது பொய்யில்லை. சாக்கெட் தலைகீழாக இருப்பதாலேயே யாருக்கும் ஷாக் அடித்துவிடாது. ஆனால் கரண்ட் வருகிறதா என்பது சாக்கெட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய பல கேள்விகளில் ஒன்றுதான். அதுவும் மிக எளிய கேள்வி.

எர்த் ஏன் மேலே என்பதற்கு, அந்தப் பின் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு 6 ஆம்பியர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல் பின்கள் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன் இருக்கும், எர்த் பின் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமனும், மற்ற இரண்டையும் விடக் கூடுதல் நீளமும் கொண்டிருக்கும். தடிமன் வேறாக இருப்பதால் பிளக்கைத் தவறாகச் சொருக முடியாது. நீளம் கூடுதலாக இருப்பதால், சொருகும்போது எர்த் முதலில் தொட்டுவிடுகிறது. பிடுங்கும்போது கடைசியாக விடுகிறது. அதாவது, சாதனத்துக்குள் கரண்ட் போவதற்கு முன்பே அதன் உலோக உடல் நிலத்தோடு இணைந்துவிடுகிறது. குழந்தைகள் கம்பியை நுழைத்துவிடாதபடி உள்ளே மூடி வைத்த சாக்கெட்டுகளில், கீழ்த் துளைகளின் மூடியைத் திறந்துவிடுவதும் இந்த நீளமான பின்தான்.

இப்போது பிளக் சாக்கெட்டில் பாதி தளர்ந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிளக்கில் வயர் கீழ்ப்பக்கமாக வெளியே வருகிறது. அதன் எடை பிளக்கைக் கீழே இழுக்கும். ஆகவே சரியும்போது இடைவெளி விடுவது மேல்பக்கம்தான். எர்த் மேலே இருந்தால், அந்த இடைவெளியில் வெளியே தெரிவது எர்த் பின். அது நீளமானது என்பதால் அந்த நிலையிலும் தொடர்பு விடாமல் இருக்கும். சாக்கெட் தலைகீழாக இருந்தால், அதே இடத்தில் தெரிபவை ஃபேஸும் நியூட்ரலும். நம் கடைகளில் கிடைக்கும் பிளக்குகள் பலவற்றில் பின்கள் அடி முதல் நுனி வரை வெறும் பித்தளையாகவே இருக்கின்றன. பின்னின் அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் உறையால் மூடியவை குறைவு. சமையலறையில் போர்டுக்கு மேலே ஆணி அடித்துத் தினசரி காலண்டரை மாட்டாத வீடு எது? அந்தக் காலண்டர் அட்டையின் தலைப்பில் உள்ள தகரப் பட்டை கழன்று விழுந்தால், சரியாகப் பொருத்திய சாக்கெட்டில் எர்த் பின் மேல் விழும்; தலைகீழாகப் பொருத்தியதில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டு, பொறி பறந்து, எம்.சி.பி. (கரண்ட் மிகும்போது தானாக அணையும் சுவிட்ச்) விழும். கொக்கியில் தொங்கும் சல்லடை, கரண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். அடிக்கடி நடப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், ஆனால் தவிர்ப்பதற்குச் செலவே இல்லாத அபாயத்தை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். அமெரிக்க வீடுகளில் எர்த் துளை கீழே இருப்பதுதான் பெருவழக்கு. ஆனால் அந்நாட்டு மின் விதித்தொகுப்பு இப்படித்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை என்பதால், அங்குள்ள எலக்ட்ரீசியன்களிடையே இது ஓயாத வாதம். மேலே விழும் உலோகத்தைக் காரணம் காட்டி எர்த்தை மேலே வைப்பவர்களும் அங்கே உண்டு, குறிப்பாக மருத்துவமனைகளில். கீழே வைப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது: அங்கே ஃபிரிட்ஜ் முதலிய சாதனங்களின் தட்டையான பிளக்குகள், எர்த் கீழே இருந்தால்தான் வயர் தரையை நோக்கி இறங்கும்படி வார்க்கப்பட்டவை. நம் நாட்டில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. நம்முடைய உருண்டைப் பின் அமைப்பு, பிரிட்டனில் 1934-இல் வெளியான தரத்தை அடியொற்றியது. இன்று இந்தியத் தரம் ஐ.எஸ். 1293 என்ற பெயரில் வழங்குகிறது. பிளக்கை வார்ப்பவரும் சாக்கெட்டைச் செய்பவரும் எர்த் மேலே என்பதை மனத்தில் வைத்தே வயர் வெளியேறும் திசையைத் தீர்மானிக்கிறார்கள். சாக்கெட்டைத் திருப்பினால் வயர் வானத்தைப் பார்த்து வெளியே வந்து, உடனே மடங்கிக் கீழே தொங்கும். அந்த மடிப்பில்தான் சில மாதங்களில் உறை வெடித்து உள்ளே செம்பு தெரியத் தொடங்கும்.

இனி, இந்தக் கேள்வியில் நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். அது சாக்கெட்டின் முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது.

வேலைப் பழக்கம் உள்ள வயர்மேன் ஒருவர் சாக்கெட்டின் பின்புறத்தில் வயரைப் பூட்டும்போது பெரும்பாலும் எழுத்தைப் பார்ப்பதில்லை. கைப் பழக்கத்தில் பூட்டிவிடுகிறார். முன்னிருந்து பார்த்தால் ஃபேஸ் வலப்பக்கம். முதுகுப்பக்கம் இருந்து பார்த்தால் அது இடப்பக்கம். அதே சாக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் இந்த இரண்டும் மாறிவிடும். ஒரே வீட்டில் சில போர்டுகள் நேராகவும் சில தலைகீழாகவும் இருக்கும்போது, கைப் பழக்கத்தில் பூட்டியவர் ஏதோ ஓரிடத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு சாக்கெட்டின் முதுகிலும் ஃபேஸ் திருகுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'எல்' என்ற எழுத்தும், நியூட்ரலுக்கு 'என்' என்ற எழுத்தும், எர்த்துக்கு அதன் கோட்டுக் குறியும் பொறித்திருக்கும். அந்த எழுத்துகளைப் பார்த்துப் பூட்டியிருந்தால், சாக்கெட் எந்தத் திசையில் இருந்தாலும் மின் இணைப்பு சரியாகவே இருக்கும்.

மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும்? மிக்ஸி ஓடும், ஃபிரிட்ஜ் குளிரும், எதுவும் தெரியாது. சுவரில் உள்ள சுவிட்ச் ஃபேஸ் வயரில் இருக்கும்வரை, அதை அணைத்துவிட்டால் சாதனத்துக்குள் கரண்ட் இருக்காது. ஆனால் நம்மில் பலர் சுவர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுச் சாதனத்தில் உள்ள சுவிட்சை மட்டும் அணைப்பவர்கள். அப்போது அந்தச் சிறு சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலை. ஃபேஸ் சாதனத்தின் உட்பாகம் முழுவதும் அப்படியே நிற்கும். அணைத்திருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஈரத்துணியால் துடைப்பவரின் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. சாதனத்துக்குள் ஃபியூஸ் இருந்தால் அதற்கும் இதே கதிதான்: உருகினாலும் கரண்டை உள்ளே வரவிடாமல் தடுக்காது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எர்த் வயர் அந்த இடம்வரை வந்து சேராதபோது, சாக்கெட்டிலேயே எர்த் திருகையும் நியூட்ரல் திருகையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும். எங்கேயாவது நியூட்ரல் தளர்ந்து விட்டுப்போன அன்று, அந்த சாக்கெட்டில் சொருகிய ஒவ்வொரு சாதனத்தின் உலோக உடலிலும் 230 வோல்ட் நிற்கும். போர்டைத் திறக்கும்போது முதலில் இதைப் பாருங்கள். எர்த் திருகிலிருந்து பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடிட்ட வயர் மட்டுமே புறப்பட வேண்டும், அது டி.பி. எனப்படும் மின் விநியோகப் பெட்டியின் எர்த் பட்டைக்கும் அங்கிருந்து எர்த் குழிக்கும் தொடர்ச்சியாகப் போக வேண்டும்.

சோதிப்பதற்கு மூன்று விளக்குகள் உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று மின்பொருள் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கிறது. பிளக்கைப் போலச் சொருகினால், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ எர்த் வராமல் இருந்தாலோ விளக்குகளின் வரிசை காட்டிவிடும். அதற்கு ஒரு குறை: எர்த்தும் நியூட்ரலும் தங்களுக்குள் மாறியிருந்தாலும், நான் மேலே சொன்னபடி இணைந்திருந்தாலும், எல்லாம் சரி என்றே காட்டும். துண்டு வயரால் இணைத்திருப்பதைப் போர்டைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாறியிருப்பதைப் பிடிப்பது, கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி.தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை டி.பி.யில் போட்டிருந்தால், எர்த்தும் நியூட்ரலும் மாறிய சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸ் போல நல்ல லோடு உள்ள ஒன்றைப் போட்டவுடன் அது விழுந்துவிடும். அப்படி விழும்போது "ஆர்.சி.சி.பி. கோளாறு" என்று சொல்லி அதைக் கழற்றிவிட யோசனை சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எவ்வளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு என்று ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டாகவும் இருப்பதே ஒழுங்கு.

சமையலறையில் திரும்பியிருப்பது சாக்கெட் மட்டுமா, பிளேட் முழுவதுமா என்றும் பாருங்கள். முழு பிளேட்டும் திரும்பியிருந்தால் சுவிட்சுகளும் தலைகீழாகிவிட்டன என்று பொருள். கீழே அழுத்தினால் ஆன் என்பது நம் கைகளில் ஊறிப்போன பழக்கம். அந்த இரண்டு போர்டுகளில் மட்டும் அது எதிர்மாறாக இருந்தால், அவசரத்தில் ஆஃப் செய்ததாக நினைத்து ஆன் செய்துவிட்டுப் போவது நிச்சயம் ஒருநாள் நடக்கும்.

ஆர்.ஓ. மெஷினும் சிம்னியும் மேலே இருப்பதால் வயர் மேலே போக வசதி என்ற வாதத்தைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்பதற்கு அது நியாயமாகத் தோன்றும். ஆர்.ஓ. மெஷினில் எங்காவது இணைப்பு கசிந்தால், அந்தத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வழிந்து இறங்கும். வயர் மேலிருந்து நேராகப் பிளக்குக்குள் இறங்கினால், தண்ணீரும் நேராகப் பிளக்குக்குள் இறங்கும். வயர் பிளக்கிலிருந்து கீழே போய், ஒரு வளைவு எடுத்து, பிறகு மேலே ஏறினால், வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டை எட்டாது. ஆகவே சாதனம் மேலே இருக்கும் இடத்தில்தான் எர்த் மேலேயும் வயர் கீழேயும் இருப்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது. குளியலறைக் கீசருக்கும் இதேதான். இடமில்லாமல் சாக்கெட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்தே தீர வேண்டிய நிலை வந்தால், எர்த் துளை வலப்பக்கம் வரும்படி வையுங்கள். அப்போது மேல்பக்கம் வருவது நியூட்ரலாக இருக்கும். இடப்பக்கம் வைத்தால் ஃபேஸ் மேலே வந்துவிடும்.

முத்தியால்பேட்டை கடலுக்குப் பக்கம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரையிலான கரையோரத்தில் உப்புக் காற்று சாக்கெட்டின் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கிறது. இரும்புத் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. தொடர்பு தளர்ந்த இடம் சூடாகும். சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறம் படிந்திருந்தால் உள்ளே அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 1293 என்ற எண்ணும் பொறித்த சாக்கெட்டாகப் பார்த்து வாங்குவதோடு, வருடத்துக்கு ஒருமுறையாவது திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். மாடியிலோ வாசலிலோ மோட்டாருக்காகப் பாயிண்ட் வைத்தால், மழை புகாத மூடியுள்ள பெட்டியாக வையுங்கள். அங்கே தலைகீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை: மூடியின் கீல் மேலே இருக்க வேண்டும், குழாய் அடியிலிருந்து நுழைய வேண்டும், பெட்டியின் அடியில் உள்ள வடிதுளை திறந்திருக்க வேண்டும். உயரத்தையும் யோசியுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதையும், ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதையும் நாம் பார்த்தோம். தாழ்வான மனையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் டி.வி.க்கும் சோபாவுக்கும் பாயிண்ட் வைக்கும் புதுப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தரைத்தளத்திலாவது பழைய வழக்கப்படி நான்கடி உயரத்தில் வைப்பதே நல்லது.

இனி காபி மெஷின். பிரான்ஸ் பிளக்கில் உருண்டைப் பின்கள் இரண்டும், எர்த்துக்காக ஒரு துளையும் இருக்கும். அங்கே எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும், அது இந்தத் துளைக்குள் போகும். பின்களுக்கு இடையிலான தூரம் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டோடு ஏறத்தாழ ஒத்துப்போவதால்தான், பென்சிலால் மூடியைத் திறந்தால் அது உள்ளே போகிறது. ஆனால் அந்தப் பின்கள் 4.8 மி.மீ. தடிமன், நம் துளைக்கு அவை மெலிந்தவை, பிடிப்பில்லாமல் ஆடி, சூடேறும். எர்த்தோ இணைவதே இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கும், உலோக உடல் கொண்ட ஒரு சாதனம் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பென்சிலின் பொருள். புதுச்சேரியில் பிரான்சோடு போக்குவரத்து உள்ள வீடுகள் பலவற்றில் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். தம்பி அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மெஷின் அனுப்பினால்தான் அந்தக் கவலை. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். மெஷினின் அடியில் எழுதியுள்ள வாட்ஸைப் பாருங்கள்: 1,300 வாட்ஸைத் தாண்டினால் 6 ஆம்பியர் போதாது, 16 ஆம்பியர் பிளக்கைப் பூட்டி, 16 ஆம்பியர் பாயிண்டில் போட வேண்டும். பூட்டுபவரிடம் நிறத்தைச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸுக்கும் கறுப்பு நியூட்ரலுக்கும் வழங்குவதால், நீலத்தைக் கண்டதும் ஃபேஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடும்.

சமையலறைப் போர்டுகளைத் திருப்பும் வேலை, மாடுலர் பிளேட்டாக இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். முகப்புத் தட்டைக் கழற்றி, சட்டத்தைத் திருகிலிருந்து விடுவித்து, சாக்கெட்டையும் சுவிட்சையும் நேராக வைத்துப் பூட்ட வேண்டியதுதான். சுவருக்குள் புதைத்த மெட்டல் பாக்ஸை அசைக்க வேண்டாம். வயர் போதிய நீளம் விடப்படாமல் இருந்தால் மட்டுமே சிக்கல். அப்போது இழுத்துப் பூட்டவோ, பெட்டிக்குள் முறுக்கி டேப் ஒட்டி நீட்டவோ அனுமதிக்காமல், குழாய் வழியே புது வயர் இழுக்கச் சொல்லுங்கள். இதை நீங்களே செய்யாமல், உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தாகிவிட்டது என்றால், மெயினை அணைத்த பிறகும் சில பாயிண்டுகளில் கரண்ட் இருக்கும் என்பதை அவருக்கு நினைவுபடுத்தி, இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். திருப்பி முடித்ததும், வீட்டின் எல்லா சாக்கெட்டுகளிலும் மல்டிமீட்டர் அளவுகளை உங்கள் எதிரிலேயே எடுக்கச் சொல்லி, பாயிண்ட் வாரியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.